70 டிகிரி எந்த மூலையில்? சருகு ஓவனைப் பழுது பார்த்த குறிப்புகள்

2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு கரண்ட் திரும்பி வந்த அன்று காலையில் ஆய்வகத்தில் நான் முதலில் போட்ட சுவிட்ச் சருகு உலர்த்தும் ஓவனுடையது. போட்ட மறு நொடியே கட்டிடம் முழுக்க இருட்டு. மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கி விட்டுத் திரும்பப் போட்டேன், திரும்ப விழுந்தது. மேஜை மேல், காட்டில் உதிரும் இலையைப் பிடிக்கக் கட்டிய பத்தொன்பது வலைகளின் சருகு, ஈரம் சொட்டச் சொட்ட, துணிப் பைகளில் காத்திருந்தது.

இந்தப் பதிவு அந்த ஓவனைச் சரி செய்தது பற்றி. ஹீட்டரில் தொடங்கிய வேலை தெர்மோஸ்டாட், மோட்டார், ஒரு குளவிக்கூடு என்று போய், கடைசியில் எங்கள் பழைய எடைக் கணக்குகளையே திறந்து பார்க்க வைத்தது. சிறிய ஆய்வகங்களில் இதே மாதிரிப் பழைய ஓவனோடு வேலை செய்கிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சருகுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வகம் புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரையை ஒட்டிய ஐயனார் கோயில் காடு ஒன்றில் வேலை செய்கிறது. கீழ்ப்புத்துப்பட்டு கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் பிடிபடும். மண்குதிரைகளுக்குப் பின்னால் குட்டையாக, நெருக்கமாக, கோடையிலும் பச்சையாக நிற்கிற மரங்கள்: வீரை, காயா, பாலை, கருங்காலி, காட்டெலுமிச்சை. 1968-ல் சாம்பியனும் சேத்தும் திருத்தி எழுதிய இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இதற்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். வருஷத்தில் பாதிக்கு வறட்சி, பெரும்பங்கு மழை வடகிழக்குப் பருவத்தில் என்ற நிலைமையில் இலையை மொத்தமாக உதிர்க்காமல் நிற்கிற காடு. சோழமண்டலக் கடற்கரையில் இது பெரும்பாலும் சாமிக்கு விட்ட துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அப்படி ஒரு துண்டு ஒரு வருஷத்தில் எவ்வளவு இலையைத் தரைக்குத் தருகிறது, அது எவ்வளவு வேகமாக மண்ணாகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

அளக்கும் முறை எளிமையானது. 50-க்கு 50 சென்டிமீட்டர் சட்டம், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நாலு கம்பியில், கொசுவலைத் துணி தொங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விழுந்ததை எடுத்து வந்து பிரிப்போம். இலை தனி, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறைந்த சுள்ளி தனி, பூவும் காயும் தனி, என்னவென்று தெரியாத தூள் தனி. காயா பூக்கும் நாட்களில் வலையின் அடியில் அந்த நீலப் பூக்கள் ஒரு விரல் கனத்துக்குக் கிடக்கும். காயாம்பூ வண்ணன் என்று பாடினார்களே, அந்த நீலம். எடுத்து வைத்த இரண்டு மணி நேரத்தில் கருத்துப் போகும், அதனால் பூ இருக்கும் பையை முதலில் பிரித்து விடுவோம். பிரித்ததைக் காகிதப் பையில் போட்டு 70 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி எடை எடுக்க வேண்டும். மண் ஈரம் பார்க்க 105 டிகிரி வைப்பது போல இலைக்கு வைக்கக் கூடாது. இலையில் இருக்கிற எளிதில் ஆவியாகும் பொருட்கள் போய்விடும், இலை கருகும், பிறகு நைட்ரஜன் பார்க்க அனுப்பினால் வரும் எண்ணும் நம்பும்படி இருக்காது.

இப்போது கணக்கு. வலையின் பரப்பு கால் சதுர மீட்டர். ஒரு கிராம் தவறினால் சதுர மீட்டருக்கு 4 கிராம், ஹெக்டேருக்கு 40 கிலோ. மழைக்காலத்தில் ஒரு வலையில் பதினைந்து நாளுக்கு ஏழெட்டு கிராம்தான் வரும். ஓவனில் நடக்கும் சின்னத் தப்பு அந்த 40-ஆல் பெருகித்தான் அறிக்கைக்குப் போகிறது.

அதிலும் இந்த முறை வந்திருந்தது சாதாரணச் சருகு இல்லை. நவம்பர் 30 இரவு புயல் கரை கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. காற்று பச்சை இலையைக் கிளையோடு பிய்த்துப் போட்டிருந்தது. தானாக உதிர்கிற இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியை மரம் முன்னாலேயே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். புயலில் விழும் பச்சை இலைக்கு அந்த அவகாசம் கிடைக்காது, எல்லாவற்றோடும் தரைக்கு வருகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது இந்தக் காட்டில் எங்களிடம் வலையே கிடையாது. இந்த முறை இருபதில் பத்தொன்பது வலைகள் நின்றன, 14-ம் எண் வலை மேல் ஒரு பாலை மரக் கிளை விழுந்திருந்தது. ஒவ்வொரு பையும் ஈரத்தோடு 200 கிராமுக்கு மேல். இப்படி ஒரு சேகரிப்பு திரும்ப எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈர இலையைப் பையிலேயே விட்டால் ஒரு நாளில் புழுங்க ஆரம்பிக்கும், பிறகு பூசணம், அதோடு எடையும் குறைய ஆரம்பிக்கும்.

அன்று காலை ஓவனை விட்டுவிட்டு முதலில் செய்தது ஈர இலையைக் காற்றாட விட்டதுதான். நடைபாதை முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்து, வலை எண் வாரியாக இலையைப் பரப்பி, இரண்டு பெடஸ்டல் ஃபேன். எண்ணை எப்போதும் பென்சிலால்தான் எழுதுவோம். பேனா மை ஈரத்தில் கலைந்து 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். மாணவிகள் இருவர் இரண்டு இரவு தங்கி நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டார்கள். அவர்கள் இல்லையென்றால் எழுத இந்தக் கதையே இருந்திருக்காது.

அப்புறம் ஓவன். இரட்டைச் சுவர்ப் பெட்டி, நடுவில் கண்ணாடிக் கம்பளி, அடியில் இரண்டு குழல் ஹீட்டர், பின்சுவரில் ஒரு ஃபேன், மேலே சூட்டைக் கட்டுப்படுத்தும் கேப்பில்லரி தெர்மோஸ்டாட். வயசு இருபதுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடித் தகட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை ஹீட்டரின் இரு முனையிலும் வைத்தேன். பெயர்ப் பலகையில் 230 வோல்ட், 1500 வாட். அப்படியென்றால் 35 ஓம் காட்ட வேண்டும். 71 காட்டியது. சரியாக இரட்டிப்பு என்றால் அர்த்தம் ஒன்றுதான், இணையாகக் கட்டிய இரண்டு 750 வாட் ஹீட்டரில் ஒன்று அறுந்திருக்கிறது. அது புயலில் நடந்தது இல்லை, அறுந்த முனை நன்றாகத் துருவேறி இருந்தது. எத்தனை மாதமாக ஒரு காலில் நின்று ஓடியதோ. இந்த இடத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது. பாதி வாட்டில் ஓடிய ஓவன் 70-ஐத் தொட எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? நாங்கள் கணக்கு வைத்த 48 மணி நேரத்தில் எத்தனை மணி உண்மையிலேயே 70?

அறுகாத ஹீட்டருக்கும் பெட்டியின் உடலுக்கும் இடையே பார்த்தேன். 9 கிலோ ஓம். நல்ல ஹீட்டரில் மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டும். இ.எல்.சி.பி. விழக் காரணம் இதுதான். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் எடுத்துப் போனேன், கையில் வாங்கிய உடனே சொன்னார்: "இது செத்துப் போகல அக்கா, ஈரம் குடிச்சிருக்கு. காய வெச்சா வந்துடும்." அவர் சொன்னது சரி. குழல் ஹீட்டருக்குள் கம்பிச்சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடுத் தூள் அடைத்திருப்பார்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பல நாள் கரண்ட் இல்லாமல், சாரல் உள்ளே அடித்த அறையில் கிடந்ததும், முனையில் அடைப்பு வெடித்திருந்ததும் சேர்ந்து தூள் நனைந்துவிட்டது. எங்களிடம் மண்ணுக்கென்று ஒரு சின்ன ஓவன் உண்டு, 105 டிகிரியிலேயே நிலையாக அமைத்தது, சருகுக்கு ஆகாது. அதில் ஹீட்டரை ஓர் இரவு வைத்தேன். காலையில் மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் 20 மெகா ஓமுக்கு மேல். முனைகளை வெப்பம் தாங்கும் சிலிக்கோனால் அடைத்தேன். அறுந்ததற்குப் பதில் அதே 750 வாட்டில் புதிது. மொத்தம் இப்போது 35.4 ஓம்.

பூட்டிப் போட்டேன், ஓடியது, இ.எல்.சி.பி. விழவில்லை. சந்தோஷத்தில் நடைபாதையில் அரைகுறையாகக் காய்ந்திருந்த 1 முதல் 6 வரை எண்ணுள்ள பைகளை உள்ளே வைக்கப் போனவள், ஏதோ தோன்றி நிறுத்தி, வளாகத்தில் பொறுக்கிய நாவல் இலையை ஒரு தட்டு வைத்து இரவு விட்டேன். அப்படித் தோன்றியதற்கு இன்றைக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் கதவைத் திறந்ததும் சருகு எரித்த வாசனை. மேல்தட்டு இலை மரப்பட்டை நிறத்துக்குப் போய், கையில் எடுத்தால் பொடிந்தது. தெர்மோஸ்டாட் திருகில் 70. மேலே செருகிய தெர்மாமீட்டரில் 118.

தெர்மோஸ்டாட்டைப் பிரித்ததில் காரணம் வெளிப்படையாக இருந்தது. கரண்டை இணைத்துத் துண்டிக்கும் வெள்ளிப் பொட்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. பல மாதம் 750 வாட்டை மட்டும் அறுத்துப் பழகிய, ஏற்கெனவே குழி விழுந்த பொட்டுகள் மேல் திடீரென்று முழு ஆறரை ஆம்பியர் வந்ததும் பற்றிக்கொண்டன என்று நினைக்கிறேன். காகிதப் பையும் காய்ந்த இலையும் நிறைந்த பெட்டி, ஆள் இல்லாத இரவு. அதே மாதிரித் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வாங்கிப் போடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

புதிய அமைப்பு இது. சூட்டைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பி.ஐ.டி. கன்ட்ரோலர், சூட்டை அளக்கும் மூன்று கம்பி பி.டி.100 சென்சார், ஹீட்டரைப் போட்டு அணைக்கும் மின்னணு சுவிட்சான 25 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர். ஒன்று, அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கோடு. எல்லாவற்றுக்கும் முன்னால் கீசர்களில் இருக்குமே, சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் திரும்ப ஓடும் கேப்பில்லரி கட்-அவுட், 90 டிகிரிக்கானது. அதன் வழியாகத்தான் ஹீட்டருக்கு ஃபேஸும் நியூட்ரலும் போகிறது. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது ஹீட்டர் நிற்காமல் ஓடும். கன்ட்ரோலர் திரை தவறில்லாமல் 140 என்று காட்டிக்கொண்டே இருக்கும், அதனால் எதையும் நிறுத்த முடியாது. கன்ட்ரோலரோடு சம்பந்தமே இல்லாத ஒரு பூட்டு வேண்டும். கட்-அவுட் இல்லாமல் வெறும் கன்ட்ரோலரும் எஸ்.எஸ்.ஆரும் மட்டும் மாட்டிய ஓவனை இரவில் தனியாக விடாதீர்கள். எல்லாப் பொருளும் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடிந்தது.

சென்சாரில் மூன்று கம்பி என்று சொன்னதும் காரணத்தோடுதான். பி.டி.100 என்பது சைபர் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான். இரண்டு கம்பியில் மாட்டினால் வயரிலும் ஸ்குரூவிலும் சேரும் ஒரு ஓம், இரண்டரை டிகிரிக்கு மேல் பொய் சொல்லும். மூன்றாவது கம்பி அந்த வயரின் பங்கைக் கழித்துக்கொள்ள. மாட்டும் முன் சோதித்தேன். ஐஸை நன்றாக நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிய தெர்மாஸில் 0.2. கொதிக்கும் தண்ணீரில் 99.7, நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறோம் என்பதால் அந்த எண்ணை நம்பலாம், ஊட்டியில் இருப்பவர்கள் இதை இப்படியே செய்ய முடியாது.

ஒரு பிசகும் நடந்தது. எஸ்.எஸ்.ஆரை மேல் கன்ட்ரோல் அறைக்குள்ளேயே வைத்துவிட்டேன், இடம் அளவாக இருந்தது. ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வாட் சூடு அதிலேயே உண்டாகும், அதோடு ஓவனின் கூரைச் சூடும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை. கழற்றி வெளிப்பக்கச் சுவரில், ஓட்டை போட்ட ஒரு மூடிக்குள், துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டினேன். இப்போது வெதுவெதுப்புதான். கன்ட்ரோலர் ஓவனுக்கு ஏற்பத் தன்னைத்தானே அமைத்துக்கொள்ளும் ஆட்டோ-டியூனையும் முதலில் வெறும் ஓவனில் ஓட்டி, பிறகு ஈரச் சருகு வைத்தால் 70-ஐத் தாண்டி 77 வரை போய்த் திரும்பியது. தட்டுகளில் ஈரமான செய்தித்தாள் பரப்பி மறுபடி டியூன் செய்ததும் 71-க்கு மேல் போகவில்லை.

கதவு ஓரக் கயிறு பொடிந்திருந்தது. இந்த வயசு ஓவன்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்தபடி சுரண்டாதீர்கள். நான் தண்ணீர் தெளித்து ஊற விட்டு, முகக்கவசம் போட்டு, துண்டு துண்டாக எடுத்து இரண்டு பைக்குள் கட்டினேன். மாற்றுக்குச் சிலிக்கோன் ரப்பர் பட்டை, 70 டிகிரிக்கு அது தாராளம்.

இனி ஓவன் சரி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கன்ட்ரோலர் 70.0 என்று ஆடாமல் அசையாமல் நின்றது. அந்த எண்ணைப் பார்த்தால் மனசு அப்படியே அமைதியாகிவிடும், ஆபத்தும் அதுதான். சென்சார் இருப்பது ஒரே ஒரு இடத்தில், நடுத்தட்டின் பின்னால். பைகள் இருப்பது மூன்று தட்டு முழுக்க. சூட்டைப் பதிவு செய்யும் நாலு சேனல் லாகரில் கே-டைப் தெர்மோகப்பிள் என்னும் சூடு அளக்கும் கம்பிகளைக் கட்டி, இடம் மாற்றி மாற்றி ஒன்பது இடங்களை அளந்தேன். கன்ட்ரோலர் 70 காட்டும்போது மேல்தட்டின் பின்மூலை 84. கீழ்த்தட்டின் முன்மூலை 58. ஒரே பெட்டிக்குள் 26 டிகிரி வித்தியாசம்.

அந்தத் தாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் டேட்டா ஷீட்டில் தேதி எழுதுகிறோம், வலை எண், பிரித்தவர் பெயர், எடை எடுத்த நேரம்கூட எழுதுகிறோம். எந்தத் தட்டில், எந்த மூலையில் வைத்தோம் என்று ஒருநாளும் எழுதியதில்லை. தராசை வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்க ஆள் வருகிறார். ஓவனை யாரும் அளவுக் கருவி என்றே எண்ணியதில்லை, பீரோ மாதிரி ஒரு சாமான் என்று விட்டுவிட்டோம். தராசு மூன்று தசமம் காட்டும், ஆனால் அதில் ஏறுவது என்ன என்பதை ஓவன்தான் தீர்மானிக்கிறது.

காற்றுச் சுற்றவில்லை என்பது தெளிவு. பின் தகட்டைத் திறந்தேன். ஃபேன் சுற்றியது, ஆனால் சோம்பலாக. ஃபேன் மோட்டார் சரியாகச் சுற்ற உதவும் கண்டென்சரில் 2.5 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, அளந்தால் 1.1. இருபது வருஷம் சூட்டின் பக்கத்திலேயே இருந்தால் வேறென்ன ஆகும். புதியதைச் சூடு படாத தூரத்துக்குத் தள்ளி மாட்டினேன். பின்பக்க புஷ்ஷும் தேய்ந்து தண்டு ஆடியது. கடை அண்ணன் புஷ் மாற்றி, சூடு தாங்கும் கிரீஸ் வைத்துக் கொடுத்தார். மேல் கோடி 84-லிருந்து 76-க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் கீழ்முனை 62-ஐத் தாண்டவில்லை.

இரண்டு நாள் அங்கேயே நின்றேன். தட்டுகளை இறக்கிப் பார்த்தேன், பைகளை நெருக்காமல் இடைவெளி விட்டுப் பார்த்தேன். கடைசியில் மேலே இருக்கும் புகைப்போக்கித் துளையில் ஒரு ஊதுபத்தியைக் காட்டினேன். புகை நேராக நின்றது, இழுப்பும் இல்லை, தள்ளலும் இல்லை. ஈரக்காற்று வெளியேறவே இல்லை என்றால் உள்ளே வரும் வழியும் அடைத்திருக்க வேண்டும். ஓவனைச் சுவரிலிருந்து இழுத்து, டார்ச் அடித்துக் கீழ்ப்பின்புறத் துளைகளைப் பார்த்தால் நாலில் மூன்றில் செம்மண் பூசியிருந்தது. மண்குளவிக் கூடு. காட்டுச் செம்மண்தான், நிறமே சொல்லியது. விடுமுறையில் ஓவன் ஓடாத நாட்களில் ஜன்னல் வழியாக வந்து, ஈர மண் உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து கட்டியிருக்கிறது. ஸ்பேச்சுலாவால் மெதுவாகப் பெயர்த்து ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தேன். குழல் குழலாக ஐந்து அறைகள். நாலு காலி, மேல்புறம் வட்டமாகக் கடித்துத் திறந்து குளவி போயிருந்தது. ஐந்தாவது மூடியபடி. அதை உடைத்ததில் காய்ந்து சுருண்ட சின்னச் சிலந்திகள், எண்ணினால் பதினொன்று, கால்கள் எல்லாம் உள்பக்கம் மடங்கி, நெருக்கிய சுருக்குப்பை மாதிரி. தாய்க்குளவி கொட்டி மரக்கச் செய்து, புழு பொரித்ததும் தின்ன வைத்துவிட்டுப் போன சாப்பாடு. இந்த அறையில் முட்டை பொரிக்கவில்லை. பூச்சி பார்க்கும் தோழி அதை வாங்கிக்கொண்டு போய்ச் சிலந்திகளைக் குடும்பவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறாள்.

துளைகளைச் சுத்தம் செய்து துருப்பிடிக்காத வலை ஒட்டினேன். ஊதுபத்திப் புகை உடனே மேலே ஏறியது. மறுபடி ஒன்பது இடம்: அதிகபட்சம் 72, குறைந்தபட்சம் 67. கருவியை மட்டும் நம்பி விடாமல், ஒரே நாவல் மரத்தின் இலையை நறுக்கிக் கலந்து 20 கிராம் வீதம் ஒன்பது பொட்டலம் கட்டி ஒன்பது இடத்திலும் வைத்தேன். 48 மணி நேரத்துக்குப் பிறகு ஒன்பதின் எடையும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள். 72 மணி நேரத்தில் அதற்கு மேல் எதன் எடையும் இறங்கவில்லை. பழுதுக்கு முன்னால் இதே சோதனையைச் செய்து வைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

இடையில் பையைப் பற்றியும் ஒன்று. காகிதப் பையும் இலை மாதிரியே ஈரம் குடிக்கும். வெளியே எடுத்த பையைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் கடைசித் தசமம் ஏறிக்கொண்டே போகும், நம் கடற்கரைக் காற்றுக்கு அதிக நேரம் தேவையில்லை. காலிப் பையையும் ஓவனில் உலர்த்தித்தான் எடை கழிக்க வேண்டும், அறையில் கிடந்த பையின் எடையை இல்லை. ஓவனிலிருந்து ஒரே சமயம் ஆறு பைக்கு மேல் எடுக்காமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பாத்திரமான டெசிக்கேட்டரில் ஆற வைத்து, மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக. ஜெல் நீலமாக இருக்கிறதா என்று தினம் பார்த்து, ரோஸ் நிறம் வந்தால் வறுத்து வைக்க வேண்டும்.

அப்புறம்தான் பழைய கணக்கு. உலர்த்திய சருகை நாங்கள் எறிவதில்லை, பின்னால் வேதிச் சோதனைக்காக மூடிய டப்பாக்களில் வைத்திருப்போம். அதிலிருந்து முந்தைய ஒரு வருஷத்தின் 30 மாதிரிகளைக் குலுக்கி எடுத்து, சரி செய்த ஓவனில் திரும்ப உலர்த்தி, அன்று எழுதிய எடையோடு ஒப்பிட்டேன். அன்று முழுதாகக் காய்ந்திருந்தால் இன்றும் அதே எடை வர வேண்டும். 23 மாதிரிகள் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப் போயின. ஏழு ஒத்துப் போகவில்லை, அன்றைய எடை ஐந்து முதல் எட்டு சதவீதம் அதிகம். அந்த ஏழும் முன்மூலையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தவை என்று நினைக்கிறேன், நிரூபிக்க என்னிடம் குறிப்பு இல்லை. 8 கிராமில் ஆறு சதவீதம் அரை கிராம், ஹெக்டேருக்கு ஏறக்குறைய 20 கிலோ, அதுவும் ஒரே ஒரு சேகரிப்பில். குறைவாகக் காய்ந்ததை இப்படிப் பிடித்துவிடலாம். பின்மூலையில் 84-ல் வெந்ததைப் பிடிக்க வழியில்லை, அதிலிருந்து போனது போனதுதான்.

ஆய்வகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த வருஷத்து எண்கள் ஒரு மாணவியின் ஆய்வேட்டில் இருக்கின்றன. அவளே எழுந்து, "அக்கா, மீதியையும் திரும்பக் காய வெச்சிடலாம், டப்பா எல்லாம் இருக்குல்ல" என்றாள். டப்பா எல்லாம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஒரு தொகுதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாறிய எடையைப் பழைய எண்ணின் மேல் எழுதாமல் பக்கத்தில் புது நிரலாக, காரணத்தோடு பதிகிறோம். பழைய எண் அடிக்காமல் அப்படியே நிற்கிறது.

புயல் பைகள் பத்தொன்பதும் பொங்கலுக்கு முன் முடிந்தன. நடைபாதையில் உலர்ந்த நாட்களில் இழந்தது எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதால் அவற்றின் வரிசையில் 'காற்றில் உலர்த்தி, பிறகு ஓவன்' என்று எழுதியிருக்கிறோம். 14-ம் எண் காலிக் கட்டமாக இருக்கிறது, சராசரியைப் போட்டு நிரப்பவில்லை.

இப்போது ஓவன் கதவில் ஒன்பது கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பை உள்ளே போகும்போது எந்தக் கட்டம் என்று எழுதிவிட்டுத்தான் கதவை மூட வேண்டும், 24 மணி நேரத்தில் இடம் மாற்ற வேண்டும். கட்-அவுட்டை மாதம் ஒருமுறை வேண்டுமென்றே 90-க்கு ஏற்றி விழுகிறதா என்று பார்க்கிறேன், அப்போது உள்ளே எதுவும் இருக்காது. கீழ்த்தட்டின் முன்மூலை இன்னமும் 67-ல்தான் நிற்கிறது. அடுத்து அங்கே காற்றைத் திருப்ப ஒரு சாய்ந்த தகடு வெட்டிப் பார்க்கப் போகிறேன். அதுவரை அந்தக் கட்டத்தில் சோதனைக்கான நாவல் இலைப் பொட்டலம் மட்டும் இருக்கும்.